எட்டுப் பூமி எடுத்த வகுப்பு

புதிதாக ஆசிரியர் நியமனம் பெற்று வந்திருக்கிறீர்கள். கையில் ஃபோன், ஃபோனில் டேட்டா, தலை நிறையப் பயிற்சிக் கல்லூரியில் கேட்ட யோசனைகள். நானும் இப்படித்தான் வந்தேன். இந்த மாதிரி விஷயங்களை ஓய்வு பெற்ற பிறகு எழுதுவதுதான் வழக்கம். நான் ஓய்வு பெறும்வரை காத்திருந்தால் உங்களுக்கும் கண்ணாடி வந்துவிடும் என்பதால் இப்போதே எழுதுகிறேன்.

எங்கள் பாடசாலை கடுகண்ணாவைக்கு ஏறும் பிரதான வீதியிலிருந்து விலகி, ஒரு மேட்டில் இருக்கிறது. பஸ்ஸை விட்டு இறங்கி மூச்சு வாங்க ஏற வேண்டும். பிள்ளைகளில் பாதிப்பேர் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களிலிருந்து வருகிறார்கள். மீதிப்பேரின் அப்பாக்கள் வீதியோரக் கடைகளிலோ கண்டி டவுனிலோ வேலை செய்கிறார்கள். நான் விஞ்ஞானமும் சுற்றாடலும் படிப்பிக்கிறேன். என்னுடைய அப்பா கண்டிச் சந்தையில் மூட்டை தூக்கியவர். எங்கள் குடும்பத்தில் பாடசாலையை முழுவதாக முடித்த முதல் ஆள் நான்தான். நான் மாணவர் அறிக்கையைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அப்பா அதை ஒருமுறை தலைகீழாகவும் ஒருமுறை நேராகவும் பிடித்துப் பார்த்துவிட்டு, "நம்பரு பெருசா இருக்கா, சின்னதா இருக்கா?" என்று கேட்பார். பெரிது என்றால் அன்றைக்கு வீட்டில் மீன். இதை ஏன் சொல்கிறேன் என்பது போகப் போக விளங்கும்.

இணையத்தில் சுற்றாடல் பாடங்கள் கொட்டிக் கிடக்கின்றன. வந்த புதிதில் நான் ஒரு காணொளியைப் போட்டேன். தண்ணீரைச் சேமிக்க ஷவரில் நிற்கும் நேரத்தைக் குறைக்கும்படி ஒரு கரடிப் பொம்மை சொல்லும். தரம் ஏழு பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். முடிந்ததும் ஒரு பிள்ளை கை தூக்கியது.

"சேர், அது மழையா?"

"இல்ல, அதுதான் ஷவர். வீட்டுக்குள்ள குளிக்கிறது."

"வீட்டுக்குள்ள மழ பெய்ற ஆளுங்களுக்கு எதுக்கு சேர் தண்ணிய சேமிக்கணும்?"

அந்தக் கரடியைத்தான் கேட்க வேண்டும். அன்று நான் சிரித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன். இனிச் சொல்லப்போவது அப்படிச் சிரித்துவிட்டுப் போக முடியாத கதை.

ஒரு வருடம் எங்கள் பக்கத்துப் பாடசாலைகளை எல்லாம் சேர்த்து ஒரு திட்டம் வந்தது. பூமியின் வளத்தை வீணாக்காத நிலைபேறான வாழ்க்கை பற்றிப் பிள்ளைகள் இணையவழியில் படிக்க வேண்டும். காணொளிகள், விளையாட்டுகள், எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு வினாக்கொத்து. நீ எதில் பயணம் செய்கிறாய், எத்தனை தடவை இறைச்சி சாப்பிடுகிறாய், வீடு எவ்வளவு பெரியது என்று கேட்டுக்கொண்டே போகும். கடைசியில், உலகத்தில் எல்லோரும் உன்னைப் போல வாழ்ந்தால் எத்தனை பூமி தேவைப்படும் என்று ஒரு எண்ணைக் காட்டும். பாடசாலைத் தவணை தொடங்கும்போது ஒருமுறை, முடியும்போது ஒருமுறை. எந்த வகுப்பு தன் எண்ணை அதிகமாகக் குறைத்துக் காட்டுகிறதோ, அந்தப் பாடசாலைக்கு மழைநீர் சேகரிக்கும் தாங்கி, கூரைப் பீலி, குழாய் எல்லாம் பூட்டிக் கொடுப்பார்கள்.

அந்தத் தாங்கிக்காக எங்கள் பாடசாலை அதிபர் தலைகீழாக நின்றிருப்பார். நானும் நின்றிருப்பேன். எங்களுக்குத் தண்ணீர் மேலே உள்ள ஊற்றிலிருந்து குழாய் வழியாக வருகிறது. தை மாசியில் இடைவேளைக்கு முன்பே குழாய் நின்றுவிடும். கழிப்பறையில் தண்ணீர் இல்லாவிட்டால் பெரிய வகுப்புப் பெண்பிள்ளைகள் என்ன செய்வார்கள்? தலைவலி, வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். மத்தியானப் பாடங்களில் பெண்கள் உட்காரும் பக்கத்து வாங்குகள் காலியாக இருக்கும். ஒரு தாங்கி இருந்தால் அந்த வாங்குகள் நிரம்பும். அவ்வளவுதான் எங்கள் ஆசை.

தரம் ஒன்பதைத் தெரிந்தெடுத்தோம். முதல் அளவீட்டு நாளன்றே எனக்குக் கண்டியில் பயிற்சி வைத்துவிட்டார்கள். எதில் பயிற்சி? அந்த எண்ணைப் பிள்ளைகளுக்கு எப்படி விளங்கப்படுத்துவது என்பதில். நான் அங்கே குளிரூட்டிய மண்டபத்தில் அதைக் கற்றுக்கொண்டிருந்தபோது, இங்கே பிள்ளைகள் விளக்கம் எதுவும் இல்லாமல் வினாக்கொத்தை நிரப்பிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலையில் வகுப்புக்குள் காலை வைத்ததும் ஒரே ஆரவாரம்.

"சேர், நாந்தான் சேர் ஃபர்ஸ்ட்!" என்றாள் கிஷாந்தினி. வகுப்புத் தலைவி. வாயும் கெட்டி, படிப்பும் கெட்டி. "பதினொரு பூமி!"

"நா பத்து சேர்!" என்றான் டினேஷ். "நெட் கட்டாகாம இருந்திருந்தா பன்னெண்டு எடுத்திருப்பேன்."

"கிளாஸ் எவரேஜ் எட்டு சேர். வேற ஸ்கூல் எல்லாம் மூணு, நாலுதான். நாமதான் முன்னுக்கு!" என்றாள் கிஷாந்தினி மறுபடியும்.

நான் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். கடைசி வாங்கில் சதுர்ஷன் மேசையில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தான்.

"அவனுக்கு என்ன?"

"அவன் ஃபெயில் சேர்," என்றான் டினேஷ் மெதுவாக, வீட்டில் சாவு நடந்தது போல. "ஒரு பூமி கூட எடுக்கல. அரை பூமியும் கொஞ்சமும். நேத்துல இருந்து அழுறான்."

நடந்தது இதுதான். அந்த இணையப் பக்கத்தில் எண் வரும்போது பூமிகள் ஒவ்வொன்றாகச் சுழன்று வந்து வரிசையில் நிற்கும். ஒவ்வொரு பூமிக்கும் ஒரு மணியோசை. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையிலிருந்தே கடந்தகால வினாத்தாள்களோடு வளரும் பிள்ளைகளுக்கு அது எப்படித் தெரியும்? பரிசு மாதிரித் தெரியும். கிஷாந்தினி முதல் ஆளாகச் செய்து பார்த்து, ஒவ்வொரு கேள்விக்கும் கடைசி விடையைப் போட்டால் எண் கூடுகிறது என்று கண்டுபிடித்திருக்கிறாள். நல்ல தலைவி அல்லவா? வகுப்பு முழுவதற்கும் சொல்லிக் கொடுத்துவிட்டாள். கார் மூன்று, வாரந்தோறும் விமானப் பயணம், மூன்று வேளையும் மாட்டிறைச்சி, ஒவ்வொரு அறைக்கும் குளிரூட்டி. பிரதோஷ விரதம் பிடிக்கிற வீட்டுப் பிள்ளைகூட மாட்டிறைச்சியை அழுத்தியிருக்கிறது.

சதுர்ஷன் மட்டும் உண்மையை எழுதியிருக்கிறான். பொய் எழுதப் பயந்து.

நான் கணினி அறைக்கு ஓடினேன். கணினி படிப்பிக்கும் நஸ்ரினா டீச்சர் மடவளையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவர். அப்போதுதான் கைப்பையைக் கழற்றி வைத்துக்கொண்டிருந்தார். அவருடைய ஊர்ப் பேச்சில் 'இருக்கு' என்பது 'ஈக்கி' ஆகிவிடும்.

"டீச்சர், அந்த ரிசல்ட்ஸ் போயிருச்சா?"

"போயிட்டுதே. கடைசி பட்டனை அமத்தின ஒடனே அதுவே போகுது. ஏன் சேர், மொகமெல்லாம் இப்படி ஈக்கி?"

சொன்னேன். அவர் முதலில் தலையில் கை வைத்தார். பிறகு வாயைப் பொத்தினார். பிறகு இரண்டு பேருமே சிரித்துவிட்டோம்.

"யா அல்லாஹ்! ஒரு கம்ப்யூட்டருக்கு நாலு புள்ளைகள். நான் கரண்டைப் பாக்கிறதா, நெட்டைப் பாக்கிறதா? புள்ளைகள் எல்லாம் கைதட்டிச் சந்தோஷப்படுறாங்களே, நல்ல ப்ரோக்ராம் போல ஈக்கின்னு நானும் நெனச்சேன்."

முடிவுகளைத் திருத்த முடியுமா என்று பார்த்தோம். பக்கம் பூட்டப்பட்டிருந்தது. பாடசாலையின் பெயரில் அதிபர் எழுதினால்தான் திறப்பார்கள். அதிபரிடம் போய்ச் சொன்னேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், கண்டியில் பல காலமாக இருக்கிறார். பிள்ளைகள் மேல் உயிர். "ஓம் தம்பி, நான் எழுதிறன். நீர் பாடத்தைப் பாரும்," என்றார். நான் பாடத்தைப் பார்க்கப் போனேன்.

அந்த வாரம் எடுத்த பாடத்தை இன்றுவரை நான் மறக்கவில்லை. கரும்பலகையில் ஒரேயொரு பூமியை வரைந்து, "நமக்கு இருக்கிறது இவ்வளவுதான். இதுக்கு மேல யாருக்காவது தேவைப்பட்டா, அது இன்னொருத்தருக்குச் சேர வேண்டியது," என்றேன்.

"அப்ப, கம்மியா எடுத்தவன்தான் பாஸா?" என்று கேட்டாள் கிஷாந்தினி.

"ஆமா."

எல்லோரும் திரும்பிச் சதுர்ஷனைப் பார்த்தார்கள். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தான். டினேஷ் எழுந்து போய் அவனுக்குக் கை கொடுத்தான். "மச்சான், நீதான்டா ஃபர்ஸ்ட். நா பத்துப் பூமிய தின்னுட்டேன்."

கடதாசியில் மறுபடி செய்தோம், இந்த முறை உண்மையை மட்டும். அப்போதுதான் நான் கேள்விகளைச் சரியாகவே வாசித்தேன். விமானக் கேள்வி வந்தபோது ஒரு பிள்ளை கேட்டது: "சேர், எங்கம்மா குவைத்துக்குப் போன ப்ளேன் யார் கணக்கு? அம்மா கணக்கா, எங்க கணக்கா, அம்மா வேல செய்ற வீட்டுக்காரங்க கணக்கா?" அந்த வினாக்கொத்தைச் செய்தவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி. எண்களைக் கூட்டிப் பார்த்தோம். ஏறக்குறைய முழு வகுப்பும் ஒரு பூமிக்குள் அடங்கிவிட்டது. குறைப்பதற்கு எங்களிடம் எதுவுமே இல்லை. போட்டியோ குறைப்புப் போட்டி.

தாங்கி போய்விட்டது என்று அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் தவணை முழுவதும் பாடங்களை நடத்தினோம். சோற்றுப் பார்சல் கட்டும் லஞ்ச் ஷீட் பொலித்தீனை விட்டுவிட்டுப் பெட்டியில் கொண்டு வந்தார்கள். வாழைத்தோலைக் குழியில் போட்டுப் பசளையாக்கினார்கள். தவணை முடிவில் இரண்டாவது அளவீடு வந்தது. பிள்ளைகள் உள்ளதை உள்ளபடி நிரப்பினார்கள்.

இரண்டு நாள் கழித்து நஸ்ரினா டீச்சர் ஃபோனைக் கையில் பிடித்துக்கொண்டு ஆசிரியர் ஓய்வறைக்குள் வந்தார். முகத்தில் சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை.

"சேர், நாங்க முதலாம் இடம்."

"எதுல?"

"கொறைச்சதுல. எட்டுல இருந்து ஒண்ணுக்குக் கீழ. மத்த ஸ்கூல் எல்லாம் அரை, முக்கால்தான் கொறைச்சீக்கி. வெள்ளிக்கெழம ப்ராஜெக்ட் மேடம் பாக்க வாராங்களாம். பாத்துட்டுத் தாங்கிக்குக் கையெழுத்துப் போடுவாங்களாம்."

அதிபர் எழுதவே இல்லை.

அவருடைய அறைக்குப் போனேன். என்னைக் கண்டதும் தேத்தண்ணியை என் பக்கம் தள்ளினார். குற்றம் செய்தவர் மாதிரி இல்லை; கல்யாண வீட்டுக்காரர் மாதிரி இருந்தார்.

"இரும் தம்பி, கேளும். நாங்கள் ஒரு பொய்யும் சொல்லேல்லை. முதல்தரம் பிள்ளையள் பிழையா விளங்கிப்போட்டுதுகள். ரெண்டாந்தரம் சரியா நிரப்பிச்சுதுகள். ரெண்டும் அதுகள் தங்கட கையால அமத்தினது. இதில பொய் எங்கை இருக்கு?"

"சேர், அந்த எட்டு உண்மை இல்லியே."

"அது பிழை. பிழை விடாத பிள்ளை உலகத்தில எங்கை இருக்கு? இஞ்சை பாரும், டவுனில இருக்கிற பள்ளிக்கூடத்துக்கு அந்தத் தாங்கி போனால் என்ன செய்வினம்? பூக்கண்டுக்குத் தண்ணி ஊத்துவினம். எங்கட பொம்பிளைப் பிள்ளையள் மத்தியானம் வீட்டை போகுதுகள். எது நியாயம்?"

தம்பி தங்கைகளே, அவர் சொன்னதில் பாதி நியாயம். அதுதான் கஷ்டம். முழுக்கத் தப்பாக இருந்தால் மறுத்துவிட்டு வெளியே வரலாம். என் அக்கா பள்ளிக்கூடத்தை நிறுத்தியதற்கு இந்த மாதிரிச் சின்னச் சின்னக் காரணங்கள்தான் வரிசையாக நின்றன. தேத்தண்ணியைக் குடித்து முடித்துக் கோப்பையை வைத்தேன்.

"மேடம் பிள்ளைகள்கிட்ட எப்படிக் கொறச்சீங்கன்னு கேப்பாங்களே சேர்."

"அதுக்கென்ன? கிஷாந்தினிக்கு ஒரு சின்னப் பேச்சு எழுதிக் குடுத்திருக்கிறன். கெட்டிக்காரி, பாடமாக்கிப்போட்டாள்." மேசையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினார். முன்பு நாங்கள் ஒவ்வொருவரும் தனித்தனிக் கார்களில் பயணம் செய்தோம், இப்போது பஸ்ஸில் செல்கிறோம் என்று ஆரம்பித்தது. "நீர் ஒண்டும் கதைக்க வேண்டாம். உம்மட்டை நேரா கேட்டால் பொய் சொல்லவும் வேண்டாம். சரியோ?"

அதற்கு மேல் அவரோடு வாதாட என்னால் முடியவில்லை. வெள்ளிக்கிழமை வரை என் தலைக்குள் ஒரே விஷயம் ஓடிக்கொண்டிருந்தது. நான் வாயை மூடியிருந்தால் பெண்பிள்ளைகளுக்குத் தண்ணீர் வரும். ஆனால் காரில் ஏறியே பழக்கமில்லாத ஒரு பிள்ளை, வகுப்பு முழுவதும் பார்த்திருக்க, காரை விட்டுவிட்டேன் என்று சொல்லிக் கைதட்டு வாங்க வேண்டும். வகுப்புக்கு உண்மை தெரியும். ஒரு தவணை முழுவதும் நான் படிப்பித்தது அந்த ஒரு பேச்சில் கழுவிக்கொண்டு போய்விடும். இவ்வளவு யோசித்தும் முடிவெடுத்தேனா? இல்லை. உண்மையைச் சொல்கிறேன், வெள்ளிக்கிழமை காலையில் மேடத்தின் கார் மேட்டில் ஏறும் சத்தம் கேட்டபோதும் நான் முடிவெடுத்திருக்கவில்லை.

மேடம் குண்டசாலையிலிருந்து வந்திருந்தார். நடுத்தர வயது, கலகலப்பானவர். மேடேறிய காருக்காக அவரே மூச்சு வாங்கினார். மாலை போட்டார்கள், குத்துவிளக்கு ஏற்றினார்கள், நேராகத் தரம் ஒன்பதுக்கு வந்தோம். ஸ்மார்ட் போர்டில் எங்கள் பாடசாலையின் இரண்டு எண்களும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன.

"எட்டுல இருந்து இவ்வளவுக்கா? நான் நம்பவே இல்ல," என்றார் மேடம். "யாராவது சொல்லுங்க பிள்ளைகளே, எப்படிச் செஞ்சீங்க?"

அதிபர் தலையை அசைத்தார். கிஷாந்தினி எழுந்தாள். இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டாள்.

"முன்பு நாங்கள் ஒவ்வொருவரும் தனித்தனிக் கார்களில்..."

பின்னால் டினேஷ் மூக்கால் சிரித்தான். யாரோ அவனைக் கிள்ளினார்கள். கிஷாந்தினி நின்றாள். மறுபடி, "தனித்தனிக் கார்களில்..." என்றாள். பேச்சு மறக்கவில்லை, எனக்கு அவளைத் தெரியும். பதினைந்து செய்யுளை ஒரே மூச்சில் ஒப்புவிக்கிறவள். திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஒரு கேள்விதான் இருந்தது: இதைச் சொல்லி முடிக்கவா, வேண்டாமா?

முடிவு அப்போதுதான் வந்தது. தாங்கியைப் பற்றி யோசித்து வரவில்லை. அந்தப் பிள்ளையை அப்படி நிற்க விடக் கூடாது என்பது மட்டும் தெரிந்தது.

"கிஷாந்தினி, ஒக்காரு," என்றேன். "மேடம், இதுக்கு நா பதில் சொல்றேன். அந்த எட்டு பிழை. இந்தப் பிள்ளைகள்கிட்ட கார் இல்ல. ஒரு நாளும் இருந்ததில்ல. அவங்க அத மார்க்ஸ்னு நெனச்சுக் கூட்டிப் போட்டுட்டாங்க. தவணைத் தொடக்கத்துலயும் அவங்க ஒரு பூமிக்குள்ளதான் இருந்தாங்க. நாங்க எதையும் கொறைக்கல."

அதிபர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். வெளியே பார்க்க ஒன்றும் இல்லை, கொடிக்கம்பம் மட்டும்தான்.

மேடம் ஸ்மார்ட் போர்டில் இருந்த எட்டைத் திரும்பிப் பார்த்தார். "மார்க்ஸ்னு நெனச்சாங்களா?"

அவ்வளவுதான். அணை உடைந்தது போல வகுப்பு முழுவதும் பேச ஆரம்பித்தது. கடைசி விடைத் தந்திரம், பன்னிரண்டு எடுத்திருக்க வேண்டிய டினேஷ், அழுத சதுர்ஷன், மாட்டிறைச்சி தின்ற சைவப் பிள்ளைகள். மேடம் முதலில் வாயை மூடிச் சிரித்தார், பிறகு மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அனே! ஐயோ பிள்ளைகளே, இந்த ப்ராஜெக்ட்ல இப்படி யாரும் என்னைச் சிரிக்க வைக்கல."

"நீங்க செஞ்சு பாத்தீங்களா மேடம்?" என்று கேட்டாள் கிஷாந்தினி. அவளுக்கு உயிர் திரும்பிவிட்டிருந்தது.

"நானா? இல்ல."

"செய்ங்க மேடம். ஆனா உண்மையச் சொல்லணும்."

மேடம் ஸ்மார்ட் போர்டின் முன்னால் நின்று ஒவ்வொரு கேள்வியாக விடையை அழுத்தினார். காரில் தனியாகத்தான் வருகிறார். கோழி வாரத்தில் பல நாள். படுக்கையறையில் குளிரூட்டி. மகளைப் பார்க்க மெல்பேர்னுக்கு விமானம். பூமிகள் மணியோசையோடு வந்து நின்றன. ஒன்று, இரண்டு, மூன்று, பிறகு நாலாவதில் பாதி.

"பரவால்ல மேடம்," என்றான் சதுர்ஷன் கடைசி வாங்கிலிருந்து. "அழாதீங்க."

நஸ்ரினா டீச்சர் சிரிப்பை அடக்க முடியாமல் வராந்தாவுக்கு ஓடிவிட்டார்.

சிரிப்பு அடங்கியதும் மேடம் ஒரு கதிரையை இழுத்துப் பிள்ளைகளுக்கு முன்னால் உட்கார்ந்தார். "சரி, என்கிட்ட இவ்வளவு கேட்டுச்சு. உங்ககிட்ட கேக்காமப் போன கேள்வி ஏதாவது இருக்கா?"

கிஷாந்தினி எழுந்தாள். இந்த முறை கைகளைக் கட்டவில்லை. "தண்ணி எத்தன மணிக்கு நிக்கும்னு கேக்கல மேடம். நாங்க பொம்பளப் பிள்ளைங்க காலைல இருந்து தண்ணியே குடிக்கிறதில்ல. குடிச்சா பாத்ரூம் போகணும். பாத்ரூம்ல தண்ணி இருக்காது. அதான் மத்தியானம் தலவலி வருது. தலவலின்னு சொன்னா சேர் பொய்னு நெனைக்கிறாரு."

நான் அதுவரை பொய் என்றுதான் நினைத்திருந்தேன். தண்ணீர் இல்லாததால் வீட்டுக்குப் போகிறார்கள், அதற்குத் தலைவலி ஒரு சாட்டு என்று. காலையிலிருந்து தாகத்தோடு உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. மேடம் அதைத் தன் ஃபோனில் எழுதிக்கொண்டார். சிரிக்கவில்லை.

போகும்போது என்னிடமும் அதிபரிடமும் ஒளிக்காமல் சொன்னார்: "இந்த முறை தாங்கிய உங்களுக்குத் தர எனக்கு வழியில்ல. விதி அப்படி. ஆனா கேள்விய மறக்க மாட்டேன்."

கார் இறங்கிப் போனதும் அதிபர் என் பக்கம் திரும்பினார். "தம்பி, தாங்கி போயிட்டுது," என்றார். அவ்வளவுதான். அதன் பிறகு சில வாரம் என்னோடு நேராகப் பேசவில்லை. நான் பக்கத்தில் நிற்கும்போதே நஸ்ரினா டீச்சரிடம், "அவரிட்டைச் சொல்லுங்கோ, பாட நேரசூசி மாறியிருக்கு எண்டு," என்பார். டீச்சரும் என்னிடம் திரும்பி, "சேர், நேரசூசி மாறீக்காம்," என்பார். நான் டீச்சரிடம், "சரின்னு சொல்லுங்க," என்பேன். ஓய்வறை முழுவதும் இதைப் பார்ப்பதற்காகவே நேரத்துக்கு வர ஆரம்பித்தது.

அந்த நாட்களில் நஸ்ரினா டீச்சரும் நானும் ஒரு வேலை செய்தோம். பிள்ளைகளோடு உட்கார்ந்து எங்களுக்கென்று ஒரு வினாக்கொத்தைத் தமிழில் தயாரித்தோம். பஸ்ஸில் உட்கார்ந்து வருகிறாயா, தொங்கிக்கொண்டு வருகிறாயா என்பதிலிருந்து, குழாய் நிற்கும் நேரம் வரை. அதில் எண் எதுவும் வராது, மணியும் அடிக்காது. முடிவில், உனக்கு எது கூடுதலாக இருக்கிறது, எது குறைவாக இருக்கிறது என்று பிள்ளை தானே எழுத வேண்டும். அதை மேடத்துக்கு அனுப்பினோம்.

அடுத்த முறை திட்டம் தொடங்கியபோது விதி மாறியிருந்தது. ஏற்கனவே ஒரு பூமிக்குள் வாழும் பாடசாலைகள் தனிப் பிரிவு. அவர்களிடம் எதைக் குறைத்தாய் என்று கேட்க மாட்டார்கள், எது இல்லை என்று கேட்பார்கள். எங்கள் கேள்விகளில் சில அதில் அப்படியே இருந்தன. தாங்கிக்கு வந்த பட்டியலில் எங்கள் பாடசாலையும் இருந்தது.

லொறிக்காரர் பிரதான வீதியிலேயே நிறுத்திவிட்டார். மேட்டில் லொறி ஏறாதாம். கறுப்புத் தாங்கி, உள்ளே இரண்டு பிள்ளைகள் நிற்கலாம், அவ்வளவு பெரிது. அதிபர் ஒரு நிமிடம் அதைச் சுற்றி நடந்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டினார்.

"தம்பி," என்றார். நேராக என்னைப் பார்த்து. "உருட்டுவமோ?"

தரம் ஒன்பது இப்போது தரம் பத்து. அவர்கள் எல்லோரும் இறங்கி வந்தார்கள். முன்னால் அதிபர், "மெல்லமாய்! மெல்லமாய்! கல்லு பாருங்கோ!" என்று கத்திக்கொண்டு பின்பக்கமாக நடந்தார். பின்னால் பெண்பிள்ளைகள் தள்ளினார்கள். டினேஷ் தாங்கியின் மேல் தாளம் போட்டான். வீதியால் போன பஸ்ஸே வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டுப் போனது.

மழை சித்திரைக்குப் பிறகுதான் வந்தது. வந்தால் எங்கள் மலையில் அது விடாது. பீலியால் தண்ணீர் இறங்கித் தாங்கிக்குள் விழும் சத்தம் வகுப்பு வரை கேட்டது. பாடத்தை நிறுத்திவிட்டு எல்லோரும் வராந்தாவுக்கு வந்துவிட்டோம். சதுர்ஷன் என் பக்கத்தில் நின்றான். முகத்தில் யோசனை.

"சேர், இனி நாங்க தண்ணி கூடுதலா செலவழிப்போம் தானே?"

"ஆமா."

"அப்ப நம்ம நம்பர் கூடுமே சேர்?"

அவனுடைய முகத்தைப் பார்த்தேன். உண்மையாகவே கவலைப்பட்டான். முதலாம் இடத்தை ஒருமுறை கண்ணீரோடு பிடித்தவன் அல்லவா.

"கூடட்டும்டா," என்றேன்.